கேஸ் அடுப்பின் பழுதைச் சுடரிலிருந்து அறிதல்

வீட்டுச் சமையலறையில் உள்ள கேஸ் அடுப்பு அமைப்பில் மிக எளிய கருவி. அதில் மோட்டார் இல்லை. மின்சுற்று இருந்தாலும் பொறி உண்டாக்கும் அளவுக்கு மட்டுமே இருக்கும். நகரும் உறுப்பு என்று சொல்லத்தக்கது குமிழோடு சேர்ந்து திரும்பும் பித்தளைக் கட்டை ஒன்றுதான். இவ்வளவு எளிய கருவியில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அழுக்காலும் அடைப்பாலும் தேய்மானத்தாலும் வருபவை என்பதால், கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் அவற்றின் காரணத்தை வீட்டிலேயே கண்டறிந்துவிட முடியும். ஆனால் இதே கருவி, அழுத்தத்தில் அடைபட்ட எரிபொருளோடு ஒரு ரப்பர் குழாயால் இணைந்திருக்கிறது; ஆகவே வீட்டார் கைவைக்கக்கூடிய இடம் எது, கைவைக்கவே கூடாத இடம் எது என்ற எல்லையை அறியாமல் அதைப் பழுதுபார்க்க முற்படுவது ஆபத்தானது. அந்த எல்லை நம் வீடுகளில் பெரும்பாலும் தவறான இடத்தில் வரையப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சுத்தம் செய்ய வேண்டிய பர்னரையும் அதன் அடியிலுள்ள குழாயையும் தொடவே பலர் அஞ்சுகின்றனர். வாயு பீறிடும் நுண்துளை கொண்ட, தொடக்கூடாத ஜெட்டை ஊசியால் குத்துவதற்கோ பெரிதாகத் தயக்கம் காட்டப்படுவதில்லை.

இந்தத் தலைகீழ் வழக்கம் மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ் காலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் சூடேறி ஆவியாகி நிப்பிளின் நுண்துளை வழியே பீறிட்டு எரியும். அவ்வாறு சூடேறும்போது உண்டாகும் கரி அத்துளையை அடிக்கடி அடைத்துவிடும் என்பதால், மெல்லிய கம்பி பொருத்திய ஸ்டவ் பின்னைக் கொண்டு துளையைக் குத்திவிடுவது அந்த அடுப்பின் முறையான பராமரிப்பாகவே இருந்தது. கேஸ் வந்தபோது அடுப்பு மாறினாலும் கைப்பழக்கம் மாறவில்லை. சிலிண்டரிலிருந்து வரும் எரிவாயு ஜெட்டை அடையும்போது சூடேறுவதில்லை, கரி விடுவதில்லை. ஆகவே பம்ப் ஸ்டவ்வுக்கு மருந்தாக இருந்த ஊசி கேஸ் அடுப்புக்குத் தீங்காக மாறிவிட்டது. 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்போடு அடுப்பையும் இலவசமாக வழங்கிய திட்டமும், 2016 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும், விறகடுப்பிலிருந்து நேராகக் கேஸ் அடுப்புக்கு வந்த ஏராளமான குடும்பங்களை உருவாக்கின. இணைப்புத் தரும்போது ரெகுலேட்டரை மாட்டவும் கழற்றவும் கற்றுத்தருவது உண்டு. பர்னருக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை எடுத்துச் சொல்வதுதான் அரிது.

எரிவாயு செல்லும் வழியை முதலில் தொடர்ந்து பார்ப்பது நல்லது. 14.2 கிலோ கொள்ளும் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த ஒரு திரவம். அது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் திரவமாக நிற்கிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி சிலிண்டர் வால்வு வழியே ரெகுலேட்டருக்குள் நுழைகிறது. ரெகுலேட்டர் என்பது உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் வெளியே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் என்ற ஒரே சீரான, மிகக் குறைந்த அழுத்தத்தில் மட்டும் வாயுவை விடும் கருவி. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடித்தளத்தில் தரும் அழுத்தம்தான் அது. அங்கிருந்து வாயு ரப்பர் குழாய் வழியே அடுப்புக்குள் உள்ள பொதுக்குழாயை அடைந்து, ஒவ்வொரு குமிழுக்கும் பின்னாலுள்ள அடைப்பானில், அதாவது பழுதுபார்ப்பவர்கள் காக் என்றும் டேப் என்றும் சொல்லும் உறுப்பில், வந்து நிற்கிறது. குமிழைத் திருப்பினால் காக் திறந்து, அதன் நுனியில் திருகி வைக்கப்பட்டுள்ள ஜெட் என்னும் சிறு பித்தளை மூக்கின் நுண்துளை வழியே வாயு பீறிட்டு எதிரேயுள்ள கலவைக் குழாயின் வாய்க்குள் பாய்கிறது.

அடுப்பின் அறிவியல் முழுவதும் ஜெட்டுக்கும் கலவைக் குழாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது. ஜெட்டும் குழாயும் ஒன்றோடொன்று இறுக இணைக்கப்படாமல் திறந்தே விடப்பட்டிருப்பது, வேகமாகப் பாயும் வாயு சுற்றியுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் என்ற வேதியியலாளர், கருவிகள் செய்யும் பீட்டர் டெசாகாவின் துணையோடு 1855இல் உருவாக்கிய ஆய்வக விளக்கு இந்த முறையைத்தான் கையாண்டது. இன்றைய வீட்டு அடுப்பும் அதே கொள்கையில் எரிகிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரிய 31 பங்கு காற்றும் வேண்டும். அதில் பாதியளவு கலவைக் குழாய்க்குள்ளேயே கலந்துவிடுகிறது, அதை முதல்நிலைக் காற்று என்பர். எஞ்சியது பர்னரின் துளைகளுக்கு வெளியே சுடரைச் சுற்றியிருந்து கிடைக்கிறது, அது இரண்டாம்நிலைக் காற்று. இவ்விரண்டில் எது குறைந்தாலும் கூடினாலும் அது சுடரில் உடனே தெரிந்துவிடும். ஆகவே கேஸ் அடுப்பைப் பழுதுபார்க்க வேண்டியவர் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பேனரை அன்று. விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாத்திரம் எதுவும் வைக்காமல் சுடரைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

நல்ல சுடர் நீல நிறத்தில், ஒவ்வொரு துளையிலும் ஒரே உயரத்தில், உள்ளே தெளிவான சிறு கூம்பும் வெளியே மெல்லிய நீல உறையுமாக, துளையின் விளிம்போடு ஒட்டி, பெரிய இரைச்சல் இல்லாமல் எரியும். மஞ்சள் நிறம் தோன்றுகிறது என்றால் முதல்நிலைக் காற்று போதவில்லை. எரியாமல் எஞ்சிய கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதே அந்த மஞ்சள். அத்துகள்கள்தான் பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. பாத்திரம் கரிபிடிப்பதைத் துலக்கும் வேலையைக் கூட்டும் தொல்லையாக மட்டும் பார்ப்பது போதாது: அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவும் உண்டாகிறது, ஜன்னலைச் சாத்தி வைத்துச் சமைக்கும் சிறிய அறையில் அது தலைவலியில் தொடங்கி உயிருக்கே ஊறுசெய்யக்கூடும். எனினும் மஞ்சள் தெரிந்த உடனே அஞ்ச வேண்டியதில்லை. கஞ்சியோ உப்புநீரோ பொங்கி வழிந்த பின் சுடரில் விட்டுவிட்டுத் தோன்றும் ஆரஞ்சுப் பொறிகள் உப்பிலுள்ள சோடியத்தாலும் தூசியாலும் வருபவை. அவை தாமே அடங்கிவிடும். இரண்டையும் பிரித்தறிய, துலக்கிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் சுடவைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். கரி படிந்திருந்தால் குறை காற்றில் இருக்கிறது.

அடுத்து எழுப்ப வேண்டிய கேள்வி, குறை ஒரு பர்னரில் மட்டும் உள்ளதா அல்லது எல்லாப் பர்னர்களிலும் உள்ளதா என்பது. இந்த ஒரு கேள்வி தேட வேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். எல்லாப் பர்னர்களும் ஒன்றாக மங்கினால் காரணம் அடுப்புக்கு முன்னால், அதாவது சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ ரப்பர் குழாயிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் மங்கினால் காரணம் அந்தப் பர்னருக்குரிய காக்கிலோ ஜெட்டிலோ கலவைக் குழாயிலோ பர்னர் தலையிலோதான் இருக்க முடியும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே நன்றாக உள்ள ரெகுலேட்டரை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்கு அலைவதும், தீர்ந்துபோன சிலிண்டருக்காக ஜெட்டைக் கழற்றுவதும் வீண் வேலை.

எல்லாப் பர்னர்களும் மங்கும்போது முதலில் ஐயுற வேண்டியது சிலிண்டரில் வாயு தீர்ந்துவருவதையே. ஈரத்துணியால் சிலிண்டரின் பக்கவாட்டை மேலிருந்து கீழாகத் துடைத்துச் சற்றே பொறுத்துப் பார்த்தால், ஆவி மட்டுமே உள்ள மேற்பகுதி விரைவில் உலர்ந்தும், குளிர்ந்த திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பகுதி ஈரமாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடே திரவத்தின் மட்டம். சிலிண்டர் முடியும் தறுவாயில் சுடர் சிவந்து தளர்வதற்கும் காரணம் உண்டு. புரொப்பேன் எளிதில் ஆவியாவது என்பதால் அது முதலில் கூடுதலாக வெளியேறிவிட, பியூட்டேன் மிகுந்த கனமான பகுதி அடியில் தங்குகிறது. அதனோடு, கசிவை உணர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளும் திரவத்தில் எஞ்சிச் செறிவு கூடுவதால், கடைசி நாள்களில் வாடை தூக்கலாக இருப்பதும் இயல்பு. ஆனாலும் 'சிலிண்டர் முடியப்போகிறது, அதனால்தான் வாடை' என்று சோதித்துப் பாராமல் முடிவுகட்டுவது தவறு.

குளிர்ப் பகுதிகளில் இன்னொன்றையும் கருத வேண்டும். பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்குச் சற்றே கீழே, புரொப்பேனுடையது சுழியத்துக்கு 42 டிகிரி கீழே; ஆகவே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழி அதிகாலையில் பியூட்டேன் மிகுந்த சிலிண்டர் போதிய ஆவியைத் தராமல் சுடர் சுருங்குவது பழுதன்று. அப்போது சிலிண்டரை வெந்நீரில் நிற்கவைப்பதும், கடைசித் துளியையும் எடுக்கும் எண்ணத்தில் சாய்ப்பதும் படுக்கவைப்பதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். புகுந்தால் அது குழாய்க்குள் பல மடங்கு விரிந்து, அடுப்பில் அடக்க முடியாத பெருஞ்சுடராக வெளிப்படும். சில ரூபாய் வாயுவுக்காக ஏற்கத்தக்க ஆபத்து அன்று அது.

சிலிண்டர் நிறைந்திருந்தும் சுடர் தளர்ந்தால் ரப்பர் குழாய் எங்கேனும் மடிந்தோ நசுங்கியோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் எஞ்சுவது ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வும் சுருள்வில்லும் நுண்ணிய அடைப்பானும் உள்ளன. அவற்றை வீட்டில் பிரிக்கவோ எண்ணெயிடவோ கூடாது. இணைப்புத் தரும்போது வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு வழங்கப்படும் அதைப் பழுதானால் ஏஜென்சியில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். சுடர் பெரிதாக வேண்டும் என்பதற்காக, உணவகங்களில் பயன்படும் உயரழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டுவது முற்றிலும் விலக்கத்தக்கது. 30 கிராம் அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்ட காக்கும் ஜெட்டும் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல.

ஒரு பர்னர் மட்டும் குறைபடும்போது வேலை வீட்டாருடைய கைக்கு வருகிறது. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பின், பர்னரின் தலைப்பகுதியைத் தூக்கி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரியும்: பொங்கிய பாலும் வழிந்த சாம்பாரும் கருகித் துளைகளை அடைத்திருக்கும். அடைபட்ட துளைகள் அந்த இடத்துச் சுடரைக் குறைப்பதோடு, கலவை வெளியேறும் வழியைச் சுருக்கிக் கலவைக் குழாய்க்குள் எதிர் அழுத்தத்தை உண்டாக்கி, ஜெட் இழுத்துவரும் காற்றையும் குறைக்கின்றன. திறந்துள்ள மற்றத் துளைகளும் மஞ்சளாக எரிவது அதனால்தான். பித்தளைப் பர்னரை வெந்நீரில் புளியோ எலுமிச்சையோ கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளை ஒவ்வொன்றையும் தையல் ஊசியால் மெதுவாகத் திறந்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். பாத்திரம் துலக்கப் புளியைப் பயன்படுத்தி வந்த நம் வீடுகளுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் எல்லாப் பர்னர்களும் பித்தளை அல்ல. அலுமினியக் கலவையில் செய்தவற்றை அமிலத்திலோ ஆப்ப சோடாவிலோ நெடுநேரம் ஊறவைத்தால் அவை அரிக்கப்பட்டுக் கறுத்துவிடும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும். கழுவிய பர்னரை நன்றாக உலர்த்தி, அடிப்பகுதியில் உள்ள பள்ளத்தில் ஆடாமல் அமருமாறு திரும்ப வைக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நிற்கும் பர்னர், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒழுங்காக எரியாது.

துளைகள் திறந்தே இருந்தும் சுடர் மஞ்சளாக இருந்தால், அடுப்பைப் புரட்டிக் கலவைக் குழாயைப் பார்க்க வேண்டும். சில நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் அடுப்பில் சிலந்தி வலை பின்னியிருப்பதும், கரப்பான் இறந்து கிடப்பதும், குளவி மண் வைத்திருப்பதும் நேரக்கூடியவை. இருண்ட, ஒடுங்கிய குழாய் அவற்றுக்கு உகந்த இடம். புட்டி கழுவும் மெல்லிய பிரஷ் ஒன்றால் உட்புறத்தைத் துடைத்தெடுத்தாலே சுடர் நீலமாகிவிடுவதுண்டு. சில அடுப்புகளில் கலவைக் குழாயின் வாயில், காற்று நுழையும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் தகட்டு மூடி ஒன்று இருக்கும். அது இடம்பெயர்ந்து பெரும்பகுதி மூடியிருக்கவும் கூடும். பண்டிகைக்கு முன்னால் அடுப்பின் மேல் தண்ணீரைக் கொட்டிக் கழுவும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குழாய்க்குள் தங்கும் நீர் சுடரைத் துடிக்கவைக்கிறது, ஜெட்டின் வாயில் அழுக்கைக் கொண்டுசேர்க்கிறது, காலப்போக்கில் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து அந்தத் துருவையே அடைப்பாக மாற்றுகிறது. ஈரத்துணியால் துடைப்பதே அடுப்புக்கு ஏற்ற கழுவல்.

இவை எல்லாவற்றையும் செய்த பின்னரே ஜெட்டைப் பற்றி நினைக்க வேண்டும். வீட்டு அடுப்பின் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையது. பெரிய பர்னருக்கும் சிறிய பர்னருக்கும் அது வெவ்வேறு அளவில் துளைக்கப்பட்டிருக்கும். வீட்டு அடுப்புகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4246, எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காடு பாத்திரத்தைச் சேர வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்தத் திறன் ஜெட் துளையின் அளவையும் கலவைக் குழாயின் அளவையும் ஒன்றுக்கொன்று பொருத்தி அமைப்பதால் கிடைப்பது. 'ஜெட்டைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுங்க, தீ பத்தலை' என்று கேட்பவரும், கேட்காமலே ஊசியால் குத்திப் பெரிதாக்கித் தருபவரும் இந்தப் பொருத்தத்தைத்தான் குலைக்கின்றனர். 0.7 மில்லிமீட்டர் துளை 0.8 ஆக விரிந்தால், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது; ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் வெளியேறும் வாயு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிடும். காற்று அந்த விகிதத்தில் கூடுவதில்லை. ஒவ்வொரு பங்கு வாயுவும் இழுத்துவரும் காற்றின் அளவு, துளை பெரிதாகப் பெரிதாகக் குறையவே செய்யும். விளைவாகச் சுடர் உயர்ந்தும் மஞ்சளாகியும் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வீணாகிறது, கரி பிடிக்கிறது, சிலிண்டர் முன்னைவிட விரைவில் தீர்கிறது. அன்றைக்குத் தீ பெரிதாகத் தெரிவதால் வாடிக்கையாளர் மனநிறைவோடு போய்விடுவார். இழப்பு அடுத்தடுத்த சிலிண்டர்களில்தான் தெரியும். அப்போதும் அதற்கும் ஜெட்டுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜெட் உண்மையாகவே அடைபட்டிருந்தால், அதைக் கழற்றி, வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்து, வலுவாக ஊதிப் பார்ப்பது முதல் வழி. அதற்கும் அசையாத அடைப்புக்கு மின்கம்பியின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் நுழைத்து எடுக்கலாம். மென்மையான செம்பு, துளையின் பித்தளை விளிம்பைத் தேய்ப்பதில்லை, எஃகு ஊசி தேய்க்கும். திரும்பப் பொருத்தும்போது இரண்டு பர்னர்களின் ஜெட்டுகள் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஜெட்டைக் கழற்றிய கை தானே அதை வாயு கசியாமல் இறுக்கவும் வல்லதாக இருக்க வேண்டும் என்பதால், பழக்கம் இல்லாதவர் இந்த வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். ஆனால் அவரிடம் 'குத்த வேண்டாம், தேவைப்பட்டால் அதே அளவில் புது ஜெட் போடுங்கள்' என்று சொல்லும் உரிமையும் அறிவும் வாடிக்கையாளருக்கு வேண்டும். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டு வருந்தமாட்டார். தொழிலறிந்த பலர் தாமாகவே அப்படித்தான் செய்கின்றனர். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறும் வீடுகளுக்கும் இது பொருந்தும்: அதன் பெரும்பகுதி மீத்தேன், ஒரே கன அளவுக்கு அது தரும் வெப்பம் குறைவு, வரும் அழுத்தமும் குறைவு என்பதால் அதற்குப் பெரிய துளை கொண்ட ஜெட் வேண்டும். அந்த ஜெட்டோடு மீண்டும் சிலிண்டரை இணைத்தால் அடுப்பு பெருந்தீயாகக் கரி கக்கும்.

சுடர் பர்னரின் மேலே எரியாமல் பட்டென்ற ஓசையோடு உள்ளே இறங்கி, ஜெட்டின் வாயிலேயே எரிவது இன்னொரு குறை. கடையில் பேக் ஃபயர் என்று சொல்லப்படும் இதற்குக் காரணம், துளைகள் வழியே கலவை வெளியேறும் வேகம், தீ பரவும் வேகத்தைவிடக் குறைந்துபோவது. குமிழை மிகவும் தாழ்த்தி வைக்கும்போதும், பர்னர் கோணலாக அமர்ந்திருக்கும்போதும், துளைகள் தேய்ந்து அகன்றுவிட்ட பழைய பர்னரிலும், ஜெட் பாதி அடைபட்டு வாயு குறையும்போதும் இது நேரும். அடுப்புக்குள்ளிருந்து 'உஸ்' என்ற இரைச்சலும் கருகும் வாடையும் வந்தால் குமிழை உடனே மூடி, ஆறவிட்டு, மேலே சொன்னவாறு பர்னரைச் சரிபார்த்த பின்னரே மீண்டும் பற்றவைக்க வேண்டும். உள்ளேயே எரியவிட்டால் கலவைக் குழாய் பழுக்கச் சூடேறும், காக்கின் கிரீஸ் உருகும், கண்ணாடி அடுப்பாக இருந்தால் கண்ணாடிக்கு அடியில் வெப்பம் தேங்கி அது வெடித்துச் சிதறவும் கூடும். இதற்கு நேர்மாறாகச் சுடர் துளையைவிட்டு மேலெழும்பி இரைந்து அணைவது, காற்று மிகுதியையோ அழுத்த மிகுதியையோ காட்டும். எல்லாப் பர்னர்களிலும் அப்படியானால் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சியை அழைப்பதே தகும்.

குமிழ் இறுகிப்போவது பெரும்பாலான வீடுகளில் காணும் தொல்லை. காக்குக்குள் உள்ள கூம்பு வடிவப் பித்தளைக் கட்டை, தன் கூட்டில் வாயு கசியாதபடி மிக நெருக்கமாக அமர்ந்து திரும்புகிறது; அந்த நெருக்கத்தில் வழுக்கலையும் அடைப்பையும் ஒருசேரத் தருவது வெப்பத்தைத் தாங்கும் தனி கிரீஸ். ஆண்டுகள் கடந்து அது காய்ந்ததும் குமிழ் திரும்ப மறுக்கும். அதில் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுவது, எஞ்சியிருக்கும் கிரீஸையும் கரைத்து, குமிழின் தண்டு வழியே வாயு கசிய வழிவகுக்கும். இடுக்கியால் பிடித்துத் திருகுவதும் அவ்வாறே. காக்கைப் பிரித்து முறையான கிரீஸ் இடுவதும், தேய்ந்திருந்தால் மாற்றுவதும் மெக்கானிக்கின் வேலை. வீட்டார் எல்லை இங்கே நின்றுவிடுகிறது.

தானியங்கிப் பற்றவைப்பு வேலை செய்யாததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொறி எழுப்பும் முனையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பொறி சிதறிவிடும். துடைத்து உலர்த்தினால் சரியாகும். பேட்டரி கொண்டது என்றால் பேட்டரியை மாற்ற வேண்டும். அதுவரை லைட்டர் இருக்கிறது. ஆனால் முதலில் லைட்டரின் பொறி, பின்னர் குமிழ் என்ற வரிசையை மாற்றி, வாயுவைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடுவது கூடாது.

ரப்பர் குழாய்க்கு அதிக அக்கறை காட்ட வேண்டும். உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாய், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஏஜென்சிகளில் கிடைக்கிறது. எலி கடித்தாலும் எளிதில் துளைபடாது என்பது அதன் சிறப்பு. ஆனாலும் அது நிலையானது அன்று: 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், 1.5 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, இரண்டு துண்டுகளை இணைத்து நீட்டவே கூடாது. அழகுக்காகவோ அழுக்குப் படாமல் இருக்கவோ அதன்மேல் துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றுவது, வெடிப்பு விழுந்தாலும் கண்ணில் படாமல் மறைத்துவிடும். அடுப்பின் இணைப்பு மூக்கில் ஏற மறுக்கும் புதுக்குழாயின் நுனியை வெந்நீரில் சற்று நேரம் நனைத்தால் இளகி ஏறும். எண்ணெய் தடவி ஏற்றினால் பின்னர் வழுக்கிக் கழன்றுவிடும்.

பழுதுபார்த்து முடித்த ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சோப்பு நுரையைக் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் அமரும் இடத்திலும் குமிழுக்குப் பின்னாலும் பூசிப் பார்த்தால், கசியும் இடத்தில் குமிழிகள் வளர்ந்துகொண்டே வரும். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது மரணத்தை அழைப்பது. புதுச் சிலிண்டர் மாட்டியதும் ரெகுலேட்டரடியில் 'ஸ்ஸ்' என்ற ஓசை வந்தால், வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் கிழிந்தோ இல்லாமலோ இருக்கலாம்; உடனே ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் வெள்ளை மூடியை அழுத்தி மாட்டிவிட்டு ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவரை வாசலிலேயே நிறுத்தி, மூடியைக் கழற்றிச் சோதித்துக் காட்டச் சொல்வது நுகர்வோரின் உரிமை. அவசரத்தில் அதைக் கேட்காமல் விடுபவர்களே மிகுதி.

வாயு வாடை பலமாக வீசினால் செய்ய வேண்டியவை வேறு. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி, பள்ளமான இடங்களையும் அடுத்த அறையையும் நாடும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மின் சுவிட்ச்சைப் போடுவதும் அணைப்பதும் இரண்டுமே பொறி உண்டாக்கும் என்பதால் எந்தச் சுவிட்ச்சையும் தொடாமல், பூஜை விளக்கு உட்பட எல்லாச் சுடரையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வீட்டில் உள்ளவர்களை வெளியேற்ற வேண்டும். பழுதுபார்க்கும் முயற்சி எதுவும் அந்த நேரத்தில் கூடாது. வீட்டுக்கு வெளியே வந்த பின் தொலைபேசியில் அழைக்க வேண்டிய எரிவாயுக் கசிவு உதவி எண் 1906. அது நாள் முழுவதும் இயங்குகிறது. அந்த எண்ணைச் சிலிண்டருக்கு அருகே எழுதி வைப்பதோடு நின்றுவிடாமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கைபேசியிலும் இன்றே பதிந்துவையுங்கள்.